மாப்பிள்ளை அழைப்புக்குக் கோல்ட் பிளக்

டர்போ வண்டிக்கு ஸ்பார்க் பிளக் வேண்டும் என்று ஒருவர் வந்து நின்றால் நீங்கள் என்னென்ன கேட்பீர்கள் என்று எனக்குத் தெரியும். என்ன மாடல், எவ்வளவு ஓடியிருக்கிறது, எஞ்சின் கம்ப்யூட்டரில் மேப் மாற்றியிருக்கிறதா, பூஸ்ட் எத்தனை ஏற்றியிருக்கிறார்கள், என்ன பெட்ரோல். எல்லாம் சரியான கேள்விதான். ஆம்பூரில் இத்தனை வருஷம் பிளக் கடை நடத்திய நானும் அதையெல்லாம் கேட்டவள்தான். கேட்டும் ஒரு கல்யாணத்தை நிறுத்தப் பார்த்தேன். தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் அதை என் வாயாலேயே தெரிந்துகொள்ளுங்கள். மற்றவர்கள் சொன்னால் கண் காது மூக்கு வைத்துச் சொல்வார்கள். சொல்லிக்கொண்டும் இருக்கிறார்கள்.

என்னை ஊரில் பிளக்கம்மா என்பார்கள். படிப்பு மூன்றாவதோடு நின்றுபோனது. பெட்டி மேல் இங்கிலீஷில் அச்சடித்திருப்பதை நான் படித்ததில்லை, அதற்காக வெட்கப்பட்டதும் இல்லை. அதிலிருக்கும் நம்பரை நம்பி ஏமாந்த இஞ்சினியர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு கம்பெனியில் நம்பர் ஏற ஏற பிளக் குளிர்ச்சி. இன்னொரு கம்பெனியில் நம்பர் ஏற ஏற சூடு. நான் நம்பரைப் பார்க்க மாட்டேன், பிளக் முனையில் இருக்கும் வெள்ளைப் பீங்கானைப் பார்ப்பேன். பீங்கான் மூக்கு நீளமாக இருந்தால் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அது ஹாட் பிளக். குட்டையாக இருந்தால் சூட்டைச் சட்டென்று எஞ்சின் தலைக்குத் தள்ளிவிடும், அது கோல்ட் பிளக்.

டர்போ எஞ்சினுக்குள் காற்றை அமுக்கித் திணிக்கிறார்கள், அதுதான் பூஸ்ட். சூடு ஜாஸ்தி. பிளக் முனை பழுக்கக் காய்ந்துவிட்டால் ஸ்பார்க் வருமுன்னே பெட்ரோல் தானாகப் பற்றிக்கொண்டு பிஸ்டனை உடைக்கும். அதனால் பூஸ்ட் ஏற்றின வண்டிக்குப் பிளக்கை ஒரு படி குளிர்ச்சியாகப் போட வேண்டும். ஒரு படி போதும். நான் இரண்டு படி போட்டேன்.

அந்த வண்டி தினேஷ் என்கிற பையனுடையது. ஷூ கம்பெனியில் சூப்பர்வைசர். மூன்று சிலிண்டர் டர்போ வண்டி. ஒரு வியாழக்கிழமை, கூட வேலை பார்க்கும் தோஸ்த் இம்தியாஸை அழைத்துக்கொண்டு கடைக்கு வந்தான்.

"பிளக்கம்மா, நூறத் தாண்டினா எஞ்சின்ல கிலுகிலுன்னு சத்தம் வருதும்மா."

"மேப் மாத்தினியா?"

"மாத்தினேன். வேலூர் சத்துவாச்சாரில ஒருத்தர்கிட்ட. ஒரு ஸ்டெப் கோல்ட் பிளக் போட்டா போதும்னு அவரே சொன்னாரு."

அந்தப் 'போதும்' எனக்குச் சுருக்கென்றது. என் கடை வாசலில் நின்றுகொண்டு சத்துவாச்சாரிக்காரன் சொன்னதைச் சொல்கிறானே என்று இருந்தது. அவர் ஒன்று என்றால் நான் இரண்டு என்றேன். அதற்கு மேல் அதில் ஒரு கணக்கும் இல்லை.

"அவருக்கு இன்னா தெரியும்? ரெண்டு ஸ்டெப் போடு. மலை மேல ஏத்தினாலும் சத்தம் வராது."

இம்தியாஸ் கம்பெனியில் தோல் தரம் பிரிக்கிறவன். எதையும் இரண்டு முறை திருப்பிப் பார்க்கிற பழக்கம். "ரெண்டு ஜாஸ்தி இல்லயாம்மா?" என்றான்.

"நீ தோலைப் பாரு, நான் பிளக்கப் பாக்கறேன்" என்று அவன் வாயை மூடினேன்.

மாட்டினேன். ஹைவேயில் மாதனூர் வரை போய்த் திரும்பி வந்தோம். சத்தம் இல்லை. ஆறவிட்டுக் கழற்றிப் பார்த்தால் பீங்கான் நல்ல காபி நிறம். தினேஷுக்கு அவ்வளவு சந்தோஷம். வண்டியிலிருந்து கல்யாணப் பத்திரிகையை எடுத்து, "திங்கக்கெழம காலைல முகூர்த்தம். ஞாயித்துக்கெழம மாப்ள அழைப்பு. நீங்க வண்டி கூடவே நடந்து வரணும்மா" என்றான்.

பத்திரிகையை எழுத்துக் கூட்டிப் படித்தேன். பிள்ளையார் கோயிலிலிருந்து மண்டபத்துக்கு மாப்பிள்ளை ஊர்வலம் என்று போட்டிருந்தது. பெருமையாக அலமாரியில் வைத்தேன். நூறைத் தாண்டினால் என்ன ஆகும் என்பதற்காக நான் பிளக் போட்ட வண்டி, மூன்று நாள் கழித்து நாதஸ்வரக்காரர் நடக்கிற வேகத்தில் போகப்போகிறது. அந்தச் சேதி மஞ்சள் தடவின பத்திரிகையாக என் கைக்கே வந்திருந்தது. எனக்கு உறைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நாலரைக்கு ராகுகாலம். அதற்குள் மாப்பிள்ளை மண்டபத்துக்குள் நுழைந்துவிட வேண்டும் என்று பெண்ணின் அப்பா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அவர் தோல் பதனிடும் ஷாப்பில் ஃபோர்மேன். ஊரே அவரை ஃபோர்மேன் என்றுதான் கூப்பிடும். வீட்டிலும் அப்படித்தான் என்று கேள்வி. அதனால் ஊர்வலம் மத்தியானம் இரண்டே முக்காலுக்கே கிளம்பியது. ஒரு கிலோமீட்டர் தூரம்தான். மேளத்தோடு நடந்தால் ஒன்றரை மணி நேரம்.

நான் பட்டுப் புடவை கட்டி வண்டிக்குப் பக்கத்தில் நடந்தேன். இம்தியாஸ் ஸ்டியரிங்கில். தினேஷ் தலைப்பாகையும் ஷெர்வானியும் ஆள் உயர மாலையுமாகப் பின் சீட்டில். ஏசி ஃபுல். காலையிலிருந்து பூ அலங்காரம் செய்கிற ஆட்களும் ஏசி போட்டுக்கொண்டு எஞ்சினை ஓடவிட்டே வேலை செய்திருக்கிறார்கள். அது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

கோல்ட் பிளக்குக்கு ஒரு குணம் உண்டு. எஞ்சின் உழைத்தால் பிளக் முனை வேண்டிய அளவு சூடாகி, தன் மேல் படிகிற கரியைத் தானே எரித்துக்கொள்ளும். எஞ்சின் சும்மா நின்று நின்று நகர்ந்தால் அந்தச் சூடு வராது. கரி படிந்துகொண்டே போகும். கடைசியில் ஸ்பார்க் கரி மேலேயே வழிந்து போய்விடும், பெட்ரோல் பற்றாது.

பாதித் தூரத்தில் வண்டி முதல் முறை இருமியது. மறுபடி இருமியது. அப்புறம் டக், டக்டக், டக் என்று ஒரு சீராக உதற ஆரம்பித்தது. கூரை மேலிருந்த ரோஜா உதிர்ந்தது. மேளக்காரர் ஒரு நிமிஷம் கேட்டுவிட்டு அந்த உதறலுக்குத் தகுந்த மாதிரி அடியை மாற்றிக்கொண்டார். முன்னால் ஆடிக்கொண்டிருந்தவர்களுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. "அண்ணே, இதையே வாசிண்ணே!" என்று ஒருவன் கத்தினான். என் மானம் தாளத்தோடு போய்க்கொண்டிருந்தது.

ஜன்னல் பக்கம் குனிந்தேன். "இம்தியாஸ், கரி புடிச்சிருச்சு. ஹைவேல ஏறி மாதனூர் வரைக்கும் ஒரு மிதி மிதிச்சுட்டு வா. எரிஞ்சுடும்."

"மாப்ளய எறக்கிடட்டா?"

"எறங்கறதா?" என்று தினேஷின் அத்தை குறுக்கே வந்தாள். சடங்கெல்லாம் அவள் பொறுப்பு. "ஆரத்தி எடுத்து ஏத்தின மாப்ள. மண்டபத்து வாசல்ல மச்சான் கை குடுத்தாத்தான் எறங்கணும். நடுவுல கால் தரையில படவே கூடாது."

"அத்தே, பத்து நிமிஷம்…" என்றான் தினேஷ்.

"வாய மூடுடா. நீ மாப்ள."

ஆக மாப்பிள்ளையும் வண்டியோடு போனான். சீர்த்தட்டு தூக்கிய பெண்கள் வெயிலில் நிற்க வேண்டாம் என்று அத்தை அவர்களை முன்னால் மண்டபத்துக்கு அனுப்பினாள். நாங்கள் மேளக்காரரோடு ரோட்டில் நின்றோம்.

ஹைவேயில் ஏற வேண்டுமானால் மண்டபத்து வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். அங்கே பெண் வீட்டார் ஆரத்தித் தட்டோடு காத்திருந்தார்கள். அவர்கள் கண்ணுக்கு முன்னால் மாலையும் கழுத்துமாக மாப்பிள்ளை எண்பதில் வந்து, நிற்காமல், மாதனூர்ப் பக்கமாகப் போய்விட்டான். அதிலும் அவன் மரியாதைக்காரப் பையன். மாமனாரைப் பார்த்ததும் ஜன்னல் வழியாகக் கையெடுத்துக் கும்பிட்டிருக்கிறான். கும்பிட்டுக்கொண்டே போயிருக்கிறான்.

விடைபெறுகிறான் என்று அவர்கள் நினைத்ததில் தப்பு சொல்ல முடியாது.

மண்டபத்திலிருந்து ஆள் வந்து கூப்பிட, நான் வேகமாக நடந்து போய்ச் சேர்ந்தபோது அங்கே அழுகையும் கூச்சலுமாக இருந்தது. ஃபோர்மேன் ஒரு சீர்த்தட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"வாங்கம்மா! நீங்க மாப்ள வூட்டு ஆளுதான? இது இன்னா?"

தட்டில் பளபளவென்று கண்ணாடித் தாள் சுற்றி, நடுவில் ஒரு வெற்றிலை, அதன் மேல் மூன்று பழைய பிளக். மூன்றுக்கும் குங்குமம் வைத்திருந்தது.

"எம் பொண்ணுக்குப் பழைய இரும்பா சீரு? இந்தாண்ட இதக் குடுத்துட்டு, அந்தாண்ட கும்புடு போட்டுட்டு ஓடறாரு மாப்ள!"

எனக்கும் ஒரு நிமிஷம் புரியவில்லை. பின்னால் மூச்சு வாங்க வந்த அத்தைதான் முகம் சிவந்து சொன்னாள். "தட்டு எண்ணிப் பாத்தேன், இருவது வந்துச்சு. ஒத்தப்படையா இருக்கணுமே. வண்டியில நீலக் கலர்ல ஒரு பொட்டி இருந்துச்சு. புதுச் சாமான்னு நெனச்சு எங்க பக்கத்து வூட்டுப் பொண்ணுகிட்ட குடுத்து அடுக்கச் சொன்னேன். அது இப்படி அடுக்கியிருக்குது."

கழற்றிய பிளக்கைப் புதுப் பிளக் வந்த பெட்டியிலேயே போட்டு வண்டிக்காரரிடம் கொடுத்துவிடுவது என் வழக்கம். நல்ல வழக்கம்தான். நீங்களும் செய்யுங்கள்.

"மாப்ள ஓடல" என்றேன். "பிளக்குல கரி புடிச்சிருச்சு. எரிக்கறதுக்குப் போயிருக்காங்க."

"கரிய எரிக்க மாப்ள எதுக்கும்மா?"

அத்தையைப் பார்த்தேன். அவள் கூடவே வந்திருந்த மேளக்காரரைப் பார்த்தாள்.

நாலு அடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது வண்டி திரும்பியது. எஞ்சின் பட்டு மாதிரி ஓடியது. எனக்கு உயிர் வந்தது. ஃபோர்மேன் தட்டோடு நடுரோட்டில் போய் ஒரு கையை விரித்து நின்று, வாசலுக்கு முன்னூறு அடி தள்ளியே அதை நிறுத்திவிட்டார்.

"எங்க போன?"

"மாதனூர், மாமா."

"யாரப் பாக்க?"

"யாரயும் பாக்கல மாமா. போனோம், வந்தோம்."

"அழைப்புக்கு வந்தவன் மாதனூர் போய்ட்டு சும்மா வந்தேன்றான், கேட்டுக்குங்க!"

இம்தியாஸ் இறங்கி, "சத்தியமா சார், ஆக்சிலேட்டர் மிதிக்கத்தான் போனோம்" என்றான். அது இன்னும் பேஜாரானது. பெண்ணின் மாமா ஒருவர், மாதனூரில் யார் யார் வீட்டில் வயசுப் பெண் இருக்கிறது என்று சத்தமாக யோசிக்க ஆரம்பித்தார். பத்து நிமிஷம் இப்படியே போனது. அந்தப் பத்து நிமிஷமும் வண்டி நின்ற இடத்தில் ஏசி போட்டு ஓடிக்கொண்டிருந்தது. அரைகுறையாக எரிந்த கரி மேல் புதுக் கரி படிந்தது. எஞ்சின் டக், டக்டக் என்றது. நின்றது. செல்ஃப் போட்டால் இழுத்தது, பிடிக்கவில்லை.

"தள்ளிக்கினு போலாம்" என்றார் யாரோ.

"எம் பொண்ணு தள்ளுவண்டில வர்றவனுக்கு இல்ல" என்றார் ஃபோர்மேன். "நாலரை வரைக்கும் பாப்பேன். தானா ஓடி வந்தா உள்ள. இல்லனா மண்டபத்தப் பூட்டிக்கினு போய்ட்டே இருப்பேன்."

வண்டிக்குள்ளிருந்து தினேஷ் என்னைப் பார்த்தான். அந்தப் பெண்ணை மூன்று வருஷமாகத் தெரியுமாம் அவனுக்கு. இரண்டு வீட்டையும் சம்மதிக்கவைக்கவே ஒரு வருஷம் ஆனதாம். "நீங்கதான போட்டீங்க" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தாலாவது எனக்குச் சண்டை போட ஒரு வழி கிடைத்திருக்கும்.

பெட்ரோல் சரியில்லை என்று சொல்லியிருக்கலாம். சத்துவாச்சாரிக்காரர் மேப்பில் கோளாறு என்று சொல்லியிருக்கலாம். அங்கே யாருக்குத் தெரியப்போகிறது? சொல்ல வாயும் திறந்தேன். அப்படிச் சொன்னால் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதையும் பொய்யாகத்தான் சொல்ல வேண்டியிருக்கும். நேரமோ இருபத்தைந்து நிமிஷம்தான்.

"ஃபோர்மேன்" என்றேன், "தப்பு என்னுது. செருப்பு சோலுக்குப் பதம் பண்ண தோலு எப்படி இருக்கும்?"

"இப்ப எதுக்கும்மா அது? கட்ட மாதிரி இருக்கும்."

"அதக் கையுறைக்கு வெட்டுவீங்களா?"

"எவனாவது வெட்டுவானா?"

"நான் வெட்டிட்டேன்."

ஃபோர்மேன் தட்டிலிருந்த பழைய பிளக் ஒன்றை எடுத்துக் கட்டை விரலால் தடவிப் பார்த்தார்.

"சோல் தோலு நல்ல தோலா?"

"மொதத் தரம். ஹைவேல பறக்கும். ஊர்வலத்துக்கு ஆவாது."

"அப்ப தோல் மேல குத்தம் இல்ல."

"அதத்தான் நானும் சொல்றேன்."

"கையுறைத் தோலு எங்க?"

"உங்க கைல."

ஃபோர்மேன் தட்டைப் பார்த்தார். பிறகு இரண்டு கையாலும், வெற்றிலை நகராமல், அதை என்னிடம் நீட்டினார். சீர்த்தட்டை ஒருவர் திருப்பித் தந்து நான் சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான்.

பட்டுப் புடவை கட்டினாலும் என் கைப்பையில் பிளக் ஸ்பேனர் இருக்கும். பானெட்டைத் திறந்து கையை வைத்தேன், சுட்டது. மாதனூர் போய் வந்த சூடு.

இந்த இடத்தைக் கவனமாகக் கேளுங்கள். எஞ்சின் தலை அலுமினியம். அந்தச் சூட்டில் பிளக்கைத் திருகினால் மரையை உருவிக்கொண்டு வந்துவிடும். அப்புறம் எந்தப் பிளக்கும் அதில் நிற்காது. மணி நாலு ஐந்து. கழற்ற வேண்டிய அவசரம் எனக்கு மட்டும் இல்லையா? இருந்தும் ஸ்பேனரைப் பைக்குள்ளேயே போட்டுக்கொண்டு, "ஆறணும்" என்றேன்.

"ஆறணுமா?" அத்தை தலையில் கை வைத்தாள். "ராகுகாலம் நம்மள மாதிரி நிக்குமாடி?"

"நிக்காது. மரை போனா வண்டியும் நகராது."

மண்டபத்திலிருந்து இரண்டு பெரிய ஃபேனைத் தூக்கி வந்தார்கள். பக்கத்துக் கடையிலிருந்து ஒயர் இழுத்தார்கள். ரோட்டில் ஃபேன் இரண்டும் எஞ்சினுக்குக் காற்று வீசின. ஏசி நின்றுபோன வண்டிக்குள் ஷெர்வானியோடு மாப்பிள்ளை வெந்துகொண்டிருந்தான். "ஒண்ண இவன் பக்கம் திருப்பும்மா, முகம் வெளுத்துப்போச்சு" என்றான் இம்தியாஸ். "எஞ்சினுக்கு அப்புறம்தான் எல்லாரும்" என்றேன். ஒரு பெரியவர் நல்ல எண்ணத்தில் குடம் நிறையத் தண்ணீர் கொண்டுவந்து எஞ்சின் மேல் ஊற்றப் போனார். ஊற்றியிருந்தால் விரிசல் விட்டிருக்கும். குடத்தைப் பிடுங்கி, பிடுங்கியதற்கு ஒரு காரணம் காட்ட வேண்டுமே என்று நானே கொஞ்சம் குடித்துவிட்டு, மீதியை மாப்பிள்ளைக்குக் கொடுத்தேன்.

நாலு பதினைந்து. மாதனூர்ப் பெண்களைக் கணக்கெடுத்த மாமா பொறுமை இழந்து, "எங்கிட்ட குடும்மா, நான் புடுங்கிக் காட்டறேன்" என்று என் பைக்குக் கையை நீட்டினார். ஃபோர்மேன் நடுவில் வந்து நின்றார்.

"யாரும் கை வெக்கக் கூடாது. பிளக்கம்மா சொல்ற வரைக்கும் ஆறும்."

சொல்லிவிட்டு அவரே எஞ்சின் மேல் உள்ளங்கையை வைத்தார். தோல் ஷாப்பில் டிரம் தண்ணீரின் சூட்டைக் கையாலேயே பார்த்துப் பழகியவர். "இன்னும் மூணு நிமிஷம்" என்றார். நானும் வைத்துப் பார்த்தேன். மூன்று நிமிஷம்தான்.

நாலு பதினெட்டுக்கு ஸ்பேனரை எடுத்தேன். முதல் பிளக் முனகிக்கொண்டே வந்தது. மூன்றும் அடுப்புக்கரி மாதிரி இருந்தன. பழைய பிளக்கின் குங்குமத்தைப் பட்டுப் புடவைத் தலைப்பால் துடைத்தேன். மரை சரியாக உட்காருகிறதா என்று முதலில் விரலாலேயே திருகிப் பார்த்து, பிறகுதான் ஸ்பேனர் போட்டேன். அதற்கும் பின்னாலிருந்து திட்டு வாங்கினேன். இம்தியாஸ் செல்ஃப் போட்டான். இரண்டு சுற்று. மூன்றாவது சுற்றில் பிடித்தது.

முன்னூறு அடியை மேளக்காரர் ஓட்டமாக ஓடி வாசித்தார். மச்சான் கை கொடுக்க, தினேஷ் ஷெர்வானியைப் பிழிந்தால் சொட்டுகிற கோலத்தில் இறங்கினான். ஃபோர்மேன் கடிகாரத்தில் நாலு இருபத்தொன்பது. அத்தை கடிகாரத்தில் நாலு முப்பத்தொன்று. இரண்டு பேருக்கும் இன்றுவரை ஒத்துப்போகவில்லை. கல்யாணம் ஃபோர்மேன் கடிகாரப்படி நடந்தது.

ஆகவே எஞ்சினைப் பற்றிக் கேட்கிறதையெல்லாம் கேளுங்கள். கேட்டு முடித்த பிறகு, வண்டி எங்கே, எப்படி, யார் கையில் ஓடப்போகிறது என்று கேட்காமல் பெட்டியைப் பிரிக்காதீர்கள். பக்கத்து ஊர்க்காரர் சரியாகச் சொல்லியிருந்தால் சரி என்று சொல்லுங்கள். அதைச் சொல்ல எனக்கு ஒரு கல்யாணமே வேண்டியிருந்தது.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் மணப்பெண் கௌசல்யா என்னை உள்ளே கூப்பிட்டு அனுப்பினாள். பக்கத்தில் தினேஷ், வேறு சட்டையில். திட்டப்போகிறாள் என்று தயாராகப் போனேன்.

"நாளைக்கு ஏலகிரி போறோம்மா. இந்தப் பழைய பிளக்கோட மலை ஏறினா சத்தம் வருமாமே?"

"வரும்."

"ரெண்டு ஸ்டெப் போட்டா ஊருக்குள்ள நின்னுடும்."

"பாத்தியே."

"அப்ப இன்னா பண்றது?"

"வண்டி தெனம் எங்க போவும், சொல்லு."

"கம்பெனிக்கு. தோல் லாரிங்க பின்னால ஊர்ந்துக்கினு. ஞாயித்துக்கெழம பள்ளிகொண்டா கோயிலுக்கு, ஹைவேல."

"யாரு ஓட்டுவா?"

"கம்பெனிக்கு இவரு. ஹைவேல நானு."

தினேஷ் அவள் பக்கம் திரும்பினான். "நீயா? எப்ப முடிவு பண்ண?"

"நீங்க மாதனூர் போயிருந்தப்ப" என்றாள் கௌசல்யா.

திங்கட்கிழமை காலை, எஞ்சின் ஆறிக் கிடந்தபோதே, ஒரு படி கோல்ட் பிளக் மூன்றை மாட்டினேன். தாலி கட்டிச் சாப்பாடு முடிந்து கிளம்பினார்கள். ஸ்டியரிங்கில் கௌசல்யா. ஃபோர்மேனும் நானும் மண்டபத்து வாசலில் நின்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தோம். ஹைவேயில் ஏறியதும் அவள் அழுத்தி மிதித்தாள். எஞ்சினில் ஒரு கிலுகிலுப்பும் இல்லை. மாப்பிள்ளை போட்ட சத்தம்தான் ரொம்ப தூரம் வரைக்கும் கேட்டது.